மேனேஜருக்குப் போட்டாச்சா?

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

சோபா தைக்கும் உங்கள் சம்பந்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, என் மகன், உங்கள் மகள் எல்லோரும் நலம். உங்கள் வீட்டிலிருந்து வந்த பூனையும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சம்பந்தி அம்மாவுக்கு ஒரு முறை சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு மேலே படியுங்கள். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஹலோ சொல்வதற்குள் இங்கே ஒரு கை போனைப் பிடுங்கிவிடும், அங்கே இன்னொரு கை வாங்கிவிடும், அப்புறம் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் கடிதம் கண்டேன். பூனை அடிக்கடி வாந்தி எடுத்து எங்கள் தொழிலுக்கே இடைஞ்சலாக இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கூச்சப்படுவதாகவும், வந்து கூட்டிப் போய்விடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வராதீர்கள். அதாவது நீங்கள் வாருங்கள், கூடையைக் கொண்டு வராதீர்கள். மேனேஜர் என்று அவருக்குப் பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். வந்த அன்றே கடையைச் சுற்றி வந்து, ஒவ்வொரு நாற்காலியிலும் ஏறி உட்கார்ந்து பார்த்து, பிடிக்காததை நகத்தால் கீறிவிட்டு, பிடித்ததில் படுத்துத் தூங்கினார். பூனையைப் போய் அவர் இவர் என்கிறேனே என்று நினைக்காதீர்கள். பெண்ணோடு பெண் வீட்டிலிருந்து வந்தவர். மரியாதை குறைந்தது என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்கள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்தும் கேட்காமல் இருந்தீர்களோ என்னவோ, நானும் என் மகனும் மாதக்கணக்கில் பேசிக்கொள்வதில்லை. ஒரு வக்கீலின் பெரிய சோபாவுக்குக் கோடு போட்ட துணி போட்டோம். வக்கீல் பார்க்க வந்தார். அவர் வாயே திறக்கவில்லை, என் மகன் முந்திக்கொண்டு, "கோடு கொஞ்சம் கோணலா இருக்கு சார், அப்பாவுக்கு இப்ப கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றான். கோடு நேராகத்தான் இருந்தது. சோபாதான் கோணல். அன்றைக்கு என் வாய்க்குப் பூட்டு விழுந்தது. அவனும் என் பிள்ளைதானே, தன் வாய்க்கும் ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டான்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், ஒரு சோபாவுக்குத் துணி போட வேண்டுமென்றால் ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஆணி அடிக்க வேண்டும், பேசாமல் எப்படி? "யாராவது இந்த மூலையை இழுத்துப் பிடிச்சா புண்ணியமாப் போகும்" என்று நான் மின்விசிறியிடம் சொல்வேன். "சிலருக்குச் சுத்தியல் காலடியில கிடந்தாலும் தெரியாது" என்று அவன் தையல் மிஷினிடம் சொல்வான். மற்ற செய்தியெல்லாம் உங்கள் மகள் வழியாகப் போகும், அவள் ஆபீசுக்குப் போய்விட்டால் என் வீட்டுக்காரி வழியாக, அவளும் கோபித்துக்கொண்ட நாட்களில் மேனேஜர் வழியாக. "மேனேஜர் சார், பெரிய கத்திரிக்கோல் யார்கிட்ட இருக்குன்னு கொஞ்சம் கேளுங்க." அவர் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். கடைக்கு மேல் மாடியில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுச் சத்தம் மட்டும்தான். வெளியே வீம்பாக இருந்தேனே தவிர, சம்பந்தி, உள்ளுக்குள் எனக்குப் பெரிய வேதனை. எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் மேனேஜர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். முதலில் என் வீட்டுக்காரியின் செருப்பில், அப்புறம் மாடிப்படியில், அப்புறம் தொழில் முன்னேற்றம் போல நேராகக் கடைக்குள் இறங்கி, தலையணை உறையில், பஞ்சு மூட்டையில், கடைசியாக டெலிவரிக்குக் காத்திருந்த வெல்வெட் சோபாவில். ஹக் ஹக் என்று அந்தச் சத்தம் வந்தால் போதும், நானும் மகனும் ஆளுக்கொரு பழைய பேப்பரோடு இரண்டு மூலையிலிருந்து ஓடி வருவோம், அவர் இரண்டு பேப்பருக்கும் நடுவில் சரியாக எடுப்பார். ஒரு தலைமை ஆசிரியை துணி மாதிரிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து, "இந்தப் பூ மட்டும் ஏன் ஈரமா இருக்கு?" என்று விரலை வைத்துவிட்டார். அந்த அம்மாள் இப்போது வேறு கடைக்குப் போகிறார். எனக்கு மேனேஜர் மேல் கோபம் வரவில்லை. வாந்தி எடுத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஒரு நாள் காலையில் என் வளைந்த ஊசியில் கோத்து வைத்திருந்த நூலைக் காணவில்லை. ஊசி இருக்கிறது, நூல் இல்லை. மேனேஜரோ வாந்தி எடுத்துவிட்டு மூலையில் இருக்கிறார். பூனை நூலை விழுங்கினால் குடலையே சுருட்டிவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். "நூலு! நூலு!" என்று கத்தினேன். மகன் என்ன ஏது என்று கேட்கவில்லை (கேட்கத்தான் மாட்டானே), வேனை எடுத்தான். உங்கள் மகள் ஆபீசுக்கு லீவு சொல்ல, என் வீட்டுக்காரி அடுப்பை அணைக்க, நாலு பேரும் சோபா ஏற்றும் வேனில் ஒரு பூனையை ஏற்றிக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். நூல் இல்லை. "உங்க முதுகுல ஏதோ ஒட்டியிருக்கே" என்று என் பனியனிலிருந்து உருவி என் கையிலேயே கொடுத்தார். எனக்கு அசடு வழிந்தது. ஆனால் நூல் பெட்டியை மூடி வைக்காவிட்டால் ஒரு நாள் நிஜமாகவே ஆகிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்புறம் ஆரம்பித்தார் விசாரணையை.

"சாப்பிட்ட உடனே அப்படியே முழுசா வருதா, இல்ல நேரம் கழிச்சு செரிச்சு வருதா?"

"அப்படியே முழுசா."

"யாரு சாப்பாடு போடுறது?"

"நான்" என்று நாலு வாயும் ஒன்றாகச் சொன்னது.

"சரி, காலையில போடுறது யாரு?"

மறுபடியும் நாலு "நான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. உங்கள் மகள் ஆபீசுக்குக் கிளம்பும்போது பையிலிருந்து தீனி போடுகிறாள். அவள் போனதும், பாவம் பட்டினி என்று என் வீட்டுக்காரி ஒரு கிண்ணம் பால் வைக்கிறாள். கடை திறந்ததும் அவர் என் காலைச் சுற்றி வந்து அழுவார், நான் மீன். நான் துணி வாங்கப் போனதும் மகன் காலைச் சுற்றி அழுவார், அவன் கோழி, அதுவும் பிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லிப்போடு. ஒருவர் போட்டதை இன்னொருவர் கேட்டதே இல்லை.

"ஏங்க, ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே மாட்டீங்களா?"

மகன் கூரையைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். உங்கள் மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். "மாமா, நீங்களும் அவரும் மேனேஜரைத் தூக்கிட்டு வெளிய இருங்க. நானும் அத்தையும் எல்லாத்தையும் கேட்டுட்டு வர்றோம்" என்றாள். கூடைக்கு இரண்டு கைப்பிடி. ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தோம். நடுவில் ஒரு முறை, துண்டை மறந்துவிட்டதாகப் பொதுவாகச் சொல்லிவிட்டு மகன் எழுந்து உள்ளே போய் வந்தான். பெஞ்சு கிழிந்து பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, என் கை பரபரத்தது.

வெளியே வந்து உங்கள் மகள் டாக்டரம்மா சொன்னதை ஒப்பித்தாள். நாள் முழுவதற்குமான அளவு ஒன்றுதான், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட வேண்டும். பால் கூடாது. ஜில்லென்று கூடாது. தீனியை மாற்றுவதென்றால் பழையதோடு புதியதைக் கலந்து மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும். அள்ளி விழுங்க முடியாதபடி அகலமான தட்டில் பரப்ப வேண்டும். உதிர்கிற முடி வயிற்றுக்குள் போகாமல் தினமும் சீவிவிட வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் வாந்தி நிற்காவிட்டால், அல்லது சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ரத்தம் தெரிந்தால், தண்ணீர்கூடத் தங்காவிட்டால் உடனே தூக்கி வர வேண்டும். கடைசியாக, "மாமா, இதுதான் முக்கியம்னு டாக்டர் ரொம்பக் கண்டிப்பாச் சொன்னாங்க. யாரு போடுறதா இருந்தாலும் மத்தவங்களை நேரா, சொந்த வாயால கேட்டுட்டுத்தான் போடணும். ஆள் விட்டுக் கேக்கக் கூடாது."

மறுநாள் காலை கடையில் நானும் அவனும்தான். மேனேஜர் நடுவில் உட்கார்ந்து அழுகிறார். மின்விசிறியிடம் கேட்கலாமா என்று பார்த்தேன், டாக்டர் உத்தரவு. அவன் ஆணியே இல்லாத இடத்தில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மேனேஜருக்குப் போட்டாச்சா?" என்றேன்.

"இன்னும் இல்லப்பா."

அந்த 'அப்பா'வைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! தீனிப் பையை எடுத்துப் பிரித்துக்கொண்டே, "எவ்வளவு போடணும்?" என்றேன்.

"ஒரு கை."

"யாரு கை? என் கையா, உன் கையா?"

அவன் சிரித்துவிட்டான், சம்பந்தி. நானும் சிரித்துவிட்டேன். ஒரு மாதிரியாக அவன் கைதான் என்று முடிவாயிற்று. தட்டுக்காக நான் என் பட்டன் தட்டைக் காலி செய்தேன், சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்தது. அவன் மூக்கில் உரசாதபடி ஓரங்களைத் தேய்த்துக் கொடுத்தான். மேனேஜர் இப்போது ஒவ்வொரு அறையாகப் பரிசோதித்து, ஆற அமரச் சாப்பிடுகிறார். வாந்தி குறைந்து குறைந்து, இப்போது எப்போதாவது ஒரு முடி உருண்டையோடு சரி. பேச்சு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. போட்டாச்சா என்று தொடங்கி, துணி வந்ததா, வக்கீல் என்ன சொன்னார் என்று போய், போன வாரம் அவன் என்னைப் பார்த்து, "மேனேஜர் சாப்பிட்டாச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். நான் சாப்பிட்டிருந்தேன். இல்லை என்று சொல்லி இன்னொரு முறை அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆகவே, இப்படி ஒரு மேனேஜரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிய உங்களுக்கு நன்றி. அதைவிட ஒரு படி மேலாக டாக்டரம்மாவுக்கு நன்றி. பூனைக்கு மருந்து கேட்டுப் போனோம், அந்த அம்மாள் வீட்டுக்கே மருந்து கொடுத்துவிட்டார். என்ன படிப்பு, என்ன அறிவு! அந்த ஒரு விதிக்காக அவர்கள் பெஞ்சுக்கு இலவசமாகத் துணி மாற்றித் தரப் போகிறேன். அளவெடுக்க இப்போது கிளம்புகிறேன், இதையும் வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் எல்லோருடைய அன்பும் விசாரிப்பும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: நல்லவேளை, இதைப் போட மறந்து தபால்பெட்டியைத் தாண்டிப் போய்விட்டேன். அளவெடுத்துக்கொண்டே அந்த விதிக்காக டாக்டரம்மாவைக் கும்பிட்டேன். "எந்த விதி? தட்டு, பால், முடி, அதானே சொன்னேன். யாரு யார்கிட்ட பேசணும்னு நான் எதுக்குச் சொல்றேன்? நான் மிருக டாக்டருங்க" என்றார். ஆகவே மேலே டாக்டரம்மாவுக்கு எழுதிய நன்றியையெல்லாம் அடித்துவிட்டு உங்கள் மகளுக்கு என்று படித்துக்கொள்ளுங்கள். அவளை வளர்த்த உங்கள் இருவருக்கும் என்றும் சேர்த்துப் படியுங்கள். யோசித்துப் பார்த்தால் என் வீட்டுக்காரியும் அந்த அறையில்தான் இருந்திருக்கிறாள்! மகனுக்கு மட்டும் தெரியக் கூடாது, தெரிந்தால் கேட்பதை நிறுத்திவிடுவான் என்று வாயை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவன் ஆணி அடித்துக்கொண்டே, திரும்பாமல், "டாக்டர்கிட்ட அந்த ரூல் பத்தி எதுவும் கேக்கலையேப்பா?" என்றான். "இல்லையே, ஏன்டா?" என்றேன். "சும்மாதான்" என்றான். அன்றைக்குத் துண்டு எடுக்க உள்ளே போனவன் அல்லவா, அங்கே பேசியது காதில் விழுந்திருக்கும்! அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே தெரிந்துகொண்டுதான், தினமும் என்னைக் கேட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் இருவரும் வேலை செய்தோம். அப்புறம் அவன்தான், "மேனேஜருக்குப் போட்டாச்சா?" என்றான். நான் அளவெடுக்கக் கிளம்பும்போதே அவன் போட்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். "தெரியலையேடா, நீ போட்டியா?" என்று கேட்டேன். உங்கள் மகளிடம் தயவுசெய்து ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

கோடு நேராகத்தான் இருந்தது. வந்து பாருங்கள்.