போணி எண்ணெயும் கீழப்பாவூர் மாப்பிள்ளையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழப்பாவூர் சம்பந்தம் முறிந்ததில் என் தப்பு என்று எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரிதான் சொல்வார்கள். நம்ப வேண்டாம். எண்ணெய்க்குள் கண்ணாடியைப் போட்டு வைத்தது நான்தான். அந்த எண்ணெயை எடுத்து சம்பந்தி தலையில் தேய்க்கக் கொடுத்தது நானில்லை. இந்த வித்தியாசம் இத்தனை வருஷமாகியும் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

யுத்த காலம் அது. பாளையங்கோட்டையில் சயன்ஸ் எடுத்து இண்டர்மீடியட் முடித்துவிட்டு நான் இலஞ்சிக்குத் திரும்பியிருந்தேன். (எங்கள் தெருவில் காலேஜ் வாசல் மிதித்த முதல் பெண் நான். பால் ஊற்ற வந்தவர் உட்பட எல்லாரிடமும் இதை நானே சொல்லிவிடுவேன்.) காலேஜ் லாபரட்டரியில் கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி வளைக்கவும், இழுத்து நுனியைக் கூராக்கவும் பழகியிருந்தேன். அந்த நேரம் பார்த்து சீமைச் சாமான் வருவது நின்றுபோனது. தென்காசி டாக்டரிடம் கண்ணில் சொட்டு மருந்து விடும் குழாய்கூட இல்லை. பஞ்சை மருந்தில் நனைத்துக் கண்ணில் பிழிந்துகொண்டிருந்தார்கள். அங்கே கம்பவுண்டராக இருந்த அண்ணாச்சி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். "நான் செய்து தருகிறேன்" என்று அவரிடம் மார்தட்டிவிட்டேன்.

அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் மூடிப்போன ஒரு மருந்துக்கடையின் மரப்பெட்டியை அப்பா ஏலத்தில் எடுத்திருந்தார். அவருக்குத் தேவை பெட்டி. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் கிடந்த கண்ணாடிக் குழாய்கள் எனக்கு வந்தன. நகை செய்யும் தட்டானிடம் ஊதுகுழல் வாங்கி, தேங்காயெண்ணெய் விளக்கை ஏற்றி, கன்னம் உப்ப ஊத ஆரம்பித்தேன். வீட்டுத் தேங்காயெண்ணெய் முழுக்க விளக்குக்கே போனது. குழம்பு தாளிக்க அத்தை நல்லெண்ணெய்க்கு மாறினாள். (அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சமையல்கட்டு அவளுடைய ராஜ்யம்.)

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கீழப்பாவூர்ல இருந்து கேட்டிருக்காவ. பொம்பளப்பிள்ளை தட்டான் வேலை பாக்கது அவியளுக்குப் புடிக்கலயாம். சம்பந்தம் அமையுத வரைக்கும் ஊதிக்கோ. அமைஞ்சிட்டுன்னா வெளக்கும் கொழலும் பரணுக்குப் போயிரணும்."

பரணில் ஏறின எந்தச் சாமானும் எங்கள் வீட்டில் கீழே இறங்கினதாக நான் கண்டதில்லை. மாப்பிள்ளை வருவதற்குள் டாக்டர் மெச்சும்படி குழாய்களைச் செய்து கொடுத்துவிட்டால், அவரே அப்பாவிடம் எனக்காகப் பேசுவார் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கைக் கண்ணாடி கெடுத்தது. பெட்டியில் இருந்தது இரண்டு ஜாதி. ஒன்று இளக்கக் கண்ணாடி, விளக்குத் தீக்கே பாகு மாதிரி குழையும். இன்னொன்று கெட்டிக் கண்ணாடி. மூச்சு முட்ட ஊதி எனக்குத்தான் கண் இருட்டுமே தவிர அது அசையாது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ரப்பர் மூடி நழுவாமல் நிற்பதற்காகக் குழாயின் கழுத்தில் ஒரு கண்ணாடி வளையம் சுற்றுவேன். கெட்டிக் குழாயில் இளக்க வளையத்தைச் சுற்றிவிட்டால், ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சூட்டுக்கு ஒன்று அதிகம் விரியும், ஒன்று கொஞ்சம் விரியும், இரண்டும் சேர்ந்து வாழாது. உடைத்த விளிம்பு பச்சையாகத் தெரிந்தால் இளக்கம் என்று பிரித்துப் பார்த்தேன். சாரல் காலத்து இருட்டில் எனக்கு எல்லாமே பச்சையாகத் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு துண்டு கை தவறி நல்லெண்ணெய்ச் சட்டியில் விழுந்தது. எட்டிப் பார்த்தால் காணவில்லை. விரலை விட்டுத் துழாவினால் தட்டுப்படுகிறது. வெளியே எடுத்தால் கண்ணாடி, உள்ளே விட்டால் வெறும் எண்ணெய்! இன்னொரு துண்டைப் போட்டேன், அது நன்றாகவே தெரிந்தது. இரண்டையும் விளக்கில் காட்டினேன். மறைந்தது கெட்டி, தெரிந்தது இளக்கம். அன்றைக்கு நான் குதித்த குதியில் அத்தை பல்லி விழுந்துவிட்டதோ என்று ஓடி வந்தாள்.

பித்தளைப் போணி நிறைய நல்லெண்ணெய் ஊற்றி, துண்டு துண்டாகப் போட்டுத் தரம் பிரித்தேன். தெரிகிற துண்டுகளை வெளியே எடுத்துக்கொண்டேன். மறைகிற துண்டுகள் போணியிலேயே கிடந்தன. கெட்டியால் எனக்கு என்ன பிரயோஜனம்? (எல்லாத் துண்டின் விளிம்பையும் முன்னதாகவே கல்லில் தேய்த்து மழுக்கியிருந்தேன். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.)

கீழப்பாவூர்க்காரர்கள் சொன்ன நாளுக்கு முந்தியே வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, இரண்டு பேர்தான். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டு, குளியலையும் பெண் பார்ப்பதையும் ஒரே வண்டிக் கூலியில் முடித்துவிடுகிற யோசனை. எங்கள் பக்கத்தில் சீசனுக்கு வந்தவர்களுக்குக் காபிக்கு முன்னால் எண்ணெய் கொடுப்பதுதான் மரியாதை. தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டு வருவார்கள், அதற்குப் பிறகு பெண் பார்க்கலாம் என்று ஏற்பாடு. நான் பின்கட்டில் முகமெல்லாம் கரியாக ஊதிக்கொண்டிருந்தேன்.

முற்றத்தில் இருந்து ஒரு சத்தம் கேட்டது.

"ஏலே, எண்ணெய்க்குள்ள என்னமோ கெடக்குலே! கைக்குத் தட்டுது, கண்ணுக்குத் தெரியல!"

போணியை எடுத்துக் கொடுத்திருந்த அத்தை சமையல்கட்டில் இருந்து தலையை நீட்டினாள்.

"போணியில சும்மாதான இருந்துச்சு ஏட்டி? வெறும் எண்ணெதான?"

மாப்பிள்ளையின் அப்பா உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். எண்ணெய் வழிய வழிய அதில் ஒரு கண்ணாடித் துண்டு மெல்ல மெல்ல உருவம் கொண்டது. அவர் அதை உதறினார். தலையைத் தடவினார், அங்கேயும் ஒன்று இருந்தது.

"செய்வினைலே! மலையாளத்தான் வேலை! பக்கத்துலதான செங்கோட்டை!" என்று கத்தினார். மாப்பிள்ளை கண்ணில் எண்ணெய் இறங்கி, திறக்க முடியாமல், "எங்கப்பா? எங்க?" என்று தூணைப் பிடித்துக்கொண்டார்.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் உள்ளே போய்த் தாழ் போட்டிருப்பாள். நான் இண்டர்மீடியட் படித்தவளாயிற்றே! கரி முகத்தோடு முற்றத்துக்குப் போய் நின்றேன்.

"மாமா, பயப்படாதிய. வெறும் கண்ணாடிதான். இந்தா பாருங்க" என்று போணிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தேன். அவர் கண் விரிந்தது. மறுபடி எண்ணெயில் விட்டேன். "போயிட்டா? இப்ப பாருங்க, வந்துட்டா?" விளக்கம் சொல்கிற ஆசையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எடுக்க எடுக்க அவர் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார்.

"எண்ணெய்க்குள்ளயும் இந்தக் கண்ணாடிக்குள்ளயும் வெளிச்சம் ஒரே வேகத்துல போகுது மாமா. மத்த கண்ணாடியில வெளிச்சம் வளையும், இதுல வளையாது. அதான் தெரியல."

அவர் அப்பாவைப் பார்த்துத் திரும்பினார்.

"வெளிச்சத்தையே வளைக்கிற பொண்ண எங்க வீட்டுக்கு அனுப்பப் பாத்தீரோ வே?"

மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். மூஞ்சியிலும் தலையிலும் எங்கள் வீட்டு எண்ணெய் அப்படியே இருந்தது.

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் விளக்கு பரணுக்குப் போகாது என்று நினைத்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? செய்தி இலத்தூர் வரைக்கும் பரவியது. வரன் கேட்டு யாரும் வரவில்லை. காணாமல் போன மாட்டை வரவழைத்துத் தரச்சொல்லி ஒருவர் வந்தார். அவரை நான் திட்டி அனுப்பினேன், மாடு தானாகவே வீடு திரும்பியது, என் பெயர் இன்னும் கெட்டது.

குழாய்கள் நன்றாக வந்தன. டாக்டர் மெச்சி, அப்பாவிடமும் சொன்னார். வரனே வராத வீட்டில் சம்பந்தத்தைக் காரணம் காட்ட முடியாமல், 'ஊதட்டும்' என்று அப்பா விட்டுவிட்டார்.

அடுத்த வெயில் காலத்தில் ஊரெல்லாம் கண்வலி. ஒரு நாள் கம்பவுண்டர் அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"ஏ தாயி, கீழப்பாவூர்ப் பெரியவர் வந்திருந்தாரு. ரெண்டு கண்ணும் செக்கச்செவேல்னு. ஒன் கொழாயிலதான் மருந்து விடுதேன். சீமைச் சாமான்னா சீமைச் சாமான்தான், பூப் போல விழுதுங்காரு! நாளைக்கும் வருவாரு. நீ செஞ்சதுன்னு சொல்லிரட்டுமா?"

"சொல்லுங்க அண்ணாச்சி. மருந்து விட்டு முடிச்சப்பொறம் சொல்லுங்க" என்றேன்.

சொன்னாராம். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து போய்விட்டாராம். அடுத்த நாள் வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்தார், வைத்தியம் முடிகிற வரைக்கும் வந்தார். கடைசி நாள் எனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினார்:

"அந்தப் பிள்ளைகிட்ட சொல்லும் வே. கண்ணு நல்லாயிட்டு. ஆனா தலை இன்னும் அரிக்குது."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தலையைச் சொறிந்தால் போதும், மற்ற எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்க்கிறார்கள்.