டென்மார்க்குக்குப் போன கடிதங்கள்

இந்த வருஷம் ஆகாய விமானம் ஏறாமல் விடுவதில்லை என்று பவுல்ராஜ் தீர்மானம் செய்தபோது, அவருடைய ஒரு கால் நாற்காலியின் மேல் இருந்தது. பீர்மேட்டு மலையில் மழைக்காலம். கணுக்காலில் தொங்கிக்கொண்டிருந்த அட்டைக்கு அவர் உப்புத் தடவிக்கொண்டிருந்தார். பெரிய தீர்மானங்கள் வருவதற்கு நேரம் காலம் கிடையாது.

பவுல்ராஜ் எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்ட். பத்தொன்பது வருஷமாக அவர் அடித்த காகிதத்தை நம்பித்தான் தேயிலைப் பெட்டிகள் மலையிறங்கி, கொச்சியில் கப்பலேறி, லண்டன் போய்ச் சேர்ந்தன. துரைமார் லீவில் சீமைக்குப் போனார்கள். துரைசானியின் நாய்கூட ஒருமுறை கப்பலில் போயிற்று. அதற்கும் காகிதம் அடித்தது பவுல்ராஜ்தான். 'நிறம் கறுப்பு, குணம் சாது' என்று அடிக்கும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. நிறமும் குணமும் அவருக்கும் அதுதான். நாய் போய்விட்டது, அவர் போகவில்லை.

அவர் மனைவி பாக்கியம், சபையார் நடத்தும் பிள்ளைகள் விடுதிக்கு மேட்ரன். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்து தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர்களின் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் அங்கே தங்கிப் படித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் டென்மார்க்கில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. நேரில் பார்த்திராத பிள்ளைக்கு அந்தக் குடும்பம் சாப்பாடும் துணியும் புத்தகமும் கொடுத்து வந்தது. பிள்ளையின் போட்டோ ஒன்று அங்கே அலமாரியில் நிற்கும். சாப்பாட்டு வேளையில் அதைப் பார்த்து ஜெபம் பண்ணுவார்களாம். இதற்கெல்லாம் பதிலாக அவர்கள் கேட்டது மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம்.

கடிதம் இங்கிலீஷில் இருக்க வேண்டும். விடுதியில் இங்கிலீஷ் பவுல்ராஜிடம் மட்டுமே இருந்தது. அவர் டைப் அடிப்பார். பிள்ளை அடியில் கையெழுத்துப் போடும். ஆபீஸ் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் வைத்து, நம்பர் போட்டு, பைலில் கோப்பார்.

அட்டை விழுந்த அன்று தபாலில் ஒரு கடிதம் வந்திருந்தது. விடுதிப் பிள்ளை வேலுத்தாய்க்கு உதவி செய்யும் கிர்ஸ்டன் அம்மா எழுதியது. கடைசி வரியில், 'என்றாவது ஒருநாள் உங்களில் யாராவது எங்கள் ஊருக்கு வரவேண்டும்' என்றிருந்தது. அது மரியாதைக்கு எழுதிய வரி. பவுல்ராஜ் அதை டிக்கெட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"ஏளா பாக்கியம், கூப்பிடுதாங்கடி!"

அடுப்படியில் கஞ்சி துழாவிக்கொண்டிருந்த பாக்கியம் திரும்பவில்லை.

"யாரு, ஆபீஸிலயா?"

"டென்மார்க்கில! யாராவது வாங்கன்னு எழுதியிருக்கு. யாராவதுன்னா யாரு? கடுதாசி எழுதுதவன்தானே?"

"கடுதாசி எழுதுதவரை அவங்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக பேருலல்லா போவுது."

பவுல்ராஜ் அசந்து போனார். நியாயமான கேள்வி. பத்து நிமிஷம் யோசித்தார். அப்புறம் டைப்ரைட்டரின் மூடியைத் திறந்தார்.

அன்றுமுதல் இருபத்திரண்டு பிள்ளைகளின் கடிதத்திலும் பவுல்ராஜ் மாமா என்ற ஒரு மனிதர் நடமாட ஆரம்பித்தார். 'எங்கள் விடுதியில் பவுல்ராஜ் மாமா இருக்கிறார். அவர் மிகவும் நல்லவர்.' அடித்ததைப் பாக்கியத்துக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"நல்லவர்னா போதுமா?" என்றாள் பாக்கியம். "ஊர்ல எல்லாரும்தான் நல்லவங்க. என்ன செய்யுதார்னு எழுத வேண்டாமா?"

"என்ன எழுதட்டும்?"

"காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்புப் பத்த வைக்காருன்னு எழுதுங்க."

"அது நீயில்லா?"

"என்னை எழுதி என்ன புண்ணியம்? நானா போவப்போறேன்?"

பவுல்ராஜ் மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்! உழைப்பும் அவளுடையது, அதைத் தூக்கிக் கொடுக்கிற மனசும் அவளுடையது. நன்றியோடு அடித்தார்: 'மாமா நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறார்.'

அடுத்த தவணையில் மாமா வெந்நீர் போட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். அதற்கடுத்த தவணையில் கஞ்சி காய்ச்சினார், மரவள்ளி அவித்தார், மழையில் நனைந்த இருபத்திரண்டு சட்டையை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தார். ராமுத்தாய்க்கு அம்மை போட்டபோது ஒன்பது நாள் வேப்பிலையோடு பக்கத்திலேயே இருந்தார். நிஜத்தில் அந்த ஒன்பது நாளும் அவர் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து ஆபீஸிலேயே படுத்திருந்தார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விரல் தயங்கியது.

"பேன் பாக்குததை எழுதலியே?" என்றாள் பாக்கியம்.

"ஏளா, அது வேண்டாம். ஆம்பிள பேன் பாத்தான்னா மதிப்பா இருக்குமா?"

"இங்ஙனதான் இருக்காது. அங்க அதிசயமா இருக்கும்லா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. 'ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாமா எங்கள் எல்லாருக்கும் பேன் பார்த்து விடுகிறார்' என்று அடித்தார். பேனுக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாமல் அகராதியைப் புரட்ட அரைமணி நேரம் ஆயிற்று.

டென்மார்க் உருகிவிட்டது. 'என் கணவருக்கு ஒரு முட்டைகூட அவிக்கத் தெரியாது' என்று கிர்ஸ்டன் அம்மா எழுதினாள். 'உங்கள் மாமாவைப் பற்றி எங்கள் மாதர் சங்கத்தில் வாசித்தேன். மூன்று பெண்கள் அழுதார்கள். அதில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் புருஷனோடு சண்டை போட்டார்கள்.'

பவுல்ராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் வாங்கிவந்தார். கோட்டு தைக்கக் கோட்டயத்தில் அளவு கொடுத்தார். ஜீப் ஓட்டுகிற கருத்தப்பாண்டியிடம், "பாண்டி, கொச்சி ஏரோடிராமுக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று தினமும் கேட்டார். அவன் தினமும் ஒரே பதிலைச் சொன்னான். ஒரு வாரத்தில் பீர்மேடு முழுக்கச் சேதி பரவியது. கடைக்காரர்கள், "என்ன சார், இன்னும் போகலியா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இனிமேல் போகாமல் இருந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது.

விண்ணப்பத்தை நிரப்பும்போது பாக்கியம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு எழுதிருங்களேன்."

"உனக்கு எதுக்கு?"

"உங்களை வழியனுப்ப வரும்போது உள்ள விடணும்லா?"

பவுல்ராஜ் வாய்விட்டுச் சிரித்தார். வழியனுப்புகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அப்புறம், பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. தன் கையாலேயே அவளுக்கும் நிரப்பினார். சம்மதம் என்று தன் கையெழுத்தையும் போட்டார். போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது இருவருக்கும் சேர்த்து நற்சான்று சொன்னதும் அவரே.

பாஸ்போர்ட்டுகள் வந்தன. அவருடையது மேஜை மேல், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி இருந்தது. அவளுடையது துணிப்பெட்டியில், சேலைக்கு அடியில் போயிற்று.

கடைசியில் அந்தக் கடிதமும் வந்தது. விடுதிக் கமிட்டிக்கு வந்தது. உதவி செய்யும் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, விடுதியிலிருந்து ஒருவரை மூன்று மாதத்துக்கு அழைத்திருந்தார்கள். டிக்கெட் அவர்களே அனுப்புவார்கள். சபை சபையாகப் போய்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும். 'மொழி பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்நாட்டில் முப்பது வருஷம் ஊழியம் செய்த ஒரு அம்மா இங்கே இருக்கிறார். தமிழிலேயே பேசலாம். யாரை அனுப்புவது என்று நீங்களே தீர்மானியுங்கள்.'

கமிட்டி என்றால் புதிதாக மாற்றலாகி வந்த போதகரும் சபை மூப்பர்கள் இரண்டு பேரும். மூவரும் மாதத்துக்கு ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு பவுல்ராஜ் முன்வரிசையில் உட்கார்ந்தார். வியர்த்தது. பீர்மேட்டுக் குளிரில் வியர்க்கிற முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பாக்கியம் டீ கொண்டுவந்து வைத்தாள். கூடவே கார்பன் நகல் பைலையும் வைத்தாள்.

"ஐயா, தீர்மானிக்கிறதுக்கு முன்னால பிள்ளைக எழுதினதை ஒருக்கா வாசிச்சிருங்க. அவங்களுக்குத்தானே தெரியும், யாரு என்ன செய்யுதாங்கன்னு."

இதைவிட நல்ல மனைவி உலகத்தில் இல்லை என்று பவுல்ராஜ் நினைத்துக்கொண்டார்.

போதகர் வாசித்தார். முதல் கடிதத்தில் தலையாட்டினார். ஐந்தாவதில் கண்ணாடியைத் துடைத்தார். பேன் வந்தபோது எழுந்து வந்து பவுல்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் எட்டு ஊர்ல ஊழியம் பார்த்திருக்கேன். இப்படி ஒரு மனுஷனைப் பார்த்ததில்லை."

"எல்லாம் கர்த்தருடைய கிருபை ஐயா" என்றார் பவுல்ராஜ். மனத்துக்குள் விமானம் சக்கரத்தை மடக்கிக்கொண்டது.

"அதனாலதான் சொல்றேன்" என்றார் போதகர். "உங்களை அனுப்ப முடியாது."

"ஐயா?"

"எப்படி அனுப்புறது? நாலு மணிக்கு அடுப்பு யார் மூட்டுறது? கஞ்சி யார் காய்ச்சுறது? மூணு மாசம் நீங்க இல்லேன்னா இந்தப் பிள்ளைக கதி என்ன? இத்தனை கடிதத்துல அம்மா பேரு ஒரு இடத்துலகூட வரலை. தப்பா நினைக்காதம்மா, உன்னை மூணு மாசம் விட்டுக்கொடுத்தா விடுதிக்கு ஒரு குறையும் வராது."

"தப்பா என்ன ஐயா, உள்ளதைத்தானே சொல்லுதிய" என்றாள் பாக்கியம், தரையைப் பார்த்து.

பவுல்ராஜ் வாயைத் திறந்தார். அதெல்லாம் நான் செய்யவில்லை, அவள்தான் செய்கிறாள் என்று சொல்லிவிடலாம். சொன்னால்? அப்போது கடிதம் முழுக்கப் பொய்யாகும். பொய் எழுதினவரை யார் விமானம் ஏற்றுவார்கள்? இத்தனையும் செய்தவள் அவள்தான் என்றால், அவளைத்தானே அனுப்புவார்கள்? பொய்யென்றாலும் பாக்கியம். மெய்யென்றாலும் பாக்கியம். எலிப்பொறிக்குக்கூட ஒரு வாசல் உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

வாயை மூடிக்கொண்டார்.

"பாஸ்போர்ட் எடுக்க மாசக்கணக்கா ஆகுமே" என்று ஒரு மூப்பர் இழுத்தார்.

"இவங்க எனக்கும் முன்னயே எடுத்துக் குடுத்துட்டாங்க" என்றாள் பாக்கியம். "கையெழுத்துக்கூட இவங்கதான் போட்டாங்க."

போதகர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். "மனைவியை அனுப்பணும்னு முன்கூட்டியே! ஆகா, என்ன மனுஷன்!"

எல்லாரும் போனபிறகு பவுல்ராஜ் கோட்டைக் கழற்றாமலேயே அடுப்படி வாசலில் நின்றார்.

"முதல்லேர்ந்தே இதுதான் திட்டமா?"

பாக்கியம் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கேன். நீங்க போனா அங்க என்ன கேப்பிய?"

"கேக்கதுக்கு என்ன இருக்கு? பாத்துட்டு வருவேன்."

"எனக்குக் கேக்கதுக்கு இருக்கு. பத்தாம் கிளாஸோட அவங்க உதவி நின்னு போவுதுல்லா? வேலுத்தாய் கிளாஸ்ல முதலாவது வாறா. வர்ற சித்திரையில அவ அம்மா அவளைக் கொழுந்துக்குக் கூட்டிட்டுப் போயிருவா. இன்னும் ரெண்டு வருஷம், காலேஜுக்கும் குடுங்கன்னு கேக்கணும். கடுதாசில எழுதினா பதில் கடுதாசிதான் வரும். முகத்தைப் பாத்துக் கேட்டா இல்லைன்னு சொல்லுதது கஷ்டம்."

"என்கிட்டச் சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேன்லா?"

"கேட்டிருப்பிய. நடுவுல எங்கயாவது போட்டோ எடுக்க நின்னு மறந்திருப்பிய."

பவுல்ராஜுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. நாள் முழுக்க அடுப்பங்கரையில் நிற்கிற ஒருத்தி, ஒரு வருஷமாக அவர் வாயாலேயே அவரைக் கட்டி, அவர் கையாலேயே முடிச்சும் போட வைத்திருக்கிறாள். அதுவும் தனக்காக இல்லை, யாரோ பெற்ற பிள்ளைக்காக. பத்தொன்பது வருஷ ஆபீஸில் இந்த மூளையுள்ள துரை ஒருத்தரைக்கூட அவர் பார்த்ததில்லை. கோட்டைக் கழற்றினார்.

"அங்க குளிரும். இதை எடுத்துட்டுப் போ."

பாக்கியம் போனாள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைக் கோட்டோடு, கருத்தப்பாண்டியின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். லயத்துச் சனமெல்லாம் ரோட்டில் நின்று கையசைத்தது. உரக்கக் கையசைக்க முடியுமென்றால் பவுல்ராஜ்தான் உரக்க அசைத்தார்.

மறுநாள் காலை நாலு மணியிலிருந்து, எழுதியதெல்லாம் நடக்க ஆரம்பித்தது. அடுப்பு எரியவில்லை, புகைந்தது. வெந்நீர் ஒருநாள் சுட்டது, ஒருநாள் ஆறிக்கிடந்தது. கஞ்சி சில நாள் சுவரொட்டி ஒட்டலாம்போல இருந்தது, சில நாள் குடத்துத் தண்ணீர்போல இருந்தது. பேன் மட்டும் அவருக்கு நன்றாக வந்தது. டைப்பிஸ்ட் விரல் இல்லையா! இரண்டு மாதத்தில் நாலு கிலோ இளைத்தார். பிள்ளைகளும் இளைத்தார்கள்.

மூன்றாவது மாதம் பாக்கியத்தின் கடிதம் வந்தது. கஞ்சி வேளையில் எல்லாரையும் உட்காரவைத்துப் பவுல்ராஜ் உரக்க வாசித்தார். பதினாலு சபையில் பேசினாளாம். எங்கே போனாலும் வேலுத்தாயின் பரீட்சைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினாளாம். பத்தாம் கிளாஸ் ஜெயிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இனிமேல் காலேஜ் வரைக்கும் உதவி உண்டு என்று எழுதியே கொடுத்துவிட்டார்களாம்.

வேலுத்தாய் முகத்தைப் பாவாடையில் புதைத்துக்கொண்டு அழுதாள். பவுல்ராஜ் கடிதத்தை உயர்த்திப் பிடித்தார். "பாத்தியளா பிள்ளைகளா, உங்க அத்தையை! துரைமாரெல்லாம் அவ கால் தூசிக்குக் காண மாட்டாங்க!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பாராவையும் வாசித்தார்.

'இங்கே இன்னும் பல ஊரில் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகளை விட்டு எப்படி இருப்பது என்று சொன்னேன். அங்கேதான் மாமா இருக்கிறாரே என்று அவர்களே இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள்.'

இருபத்திரண்டு பேரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ராமுத்தாயின் குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"அப்போ இன்னும் மூணு மாசத்துக்கு உங்க கஞ்சிதானா மாமா?"