கலவை எண்ணும் இருபது படிகளும்

விண்மீன்களின் வயிற்றுக்குள் என்ன நடக்கலாம், என்ன நடக்கக்கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் இவ்வுலகில் எங்கள் ஆய்வு நிலையத்தின் கூட்ட அறைக்கு மட்டுமே உண்டு. அங்கே கூட்டக் குறிப்பு எழுதுபவன் நான். பெருமையாகத்தான் இருக்கிறது.

விஷயம் எளிது. விண்மீனுக்குள் ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு வேகத்தில் சுழல்கிறது. வேகமானதும் மெதுவானதும் உரசுகிற இடத்தில் கொந்தளிப்பு கிளம்பி, மேலுள்ளது கீழும் கீழுள்ளது மேலுமாகக் கலக்கும். எவ்வளவு கலக்கும்? அதைச் சொல்ல ஒரு 'கலவை எண்'. பதினேழு வருடங்களுக்கு முன் இயக்குநர் நிர்ணயித்தது. அதன்பின் விண்மீன்கள் எவ்வளவோ முரண்டு பிடித்தும் அவர் அசைந்து கொடுக்கவில்லை.

கலப்பை ஆராய்கிற இடம் என்பதால் ஒழுங்கில் நாங்கள் கறார். மேல்மாடியில் கணக்குப் போடுகிறவர்கள். கீழ்மாடியில் தொலைநோக்கியில் பார்க்கிறவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. கடிதம்தான், அதுவும் என் மூலமாக.

இந்த ஒழுங்கைக் குலைத்தவர் ஓர் ஒப்பந்த ஆய்வாளர். மூன்று வருடம் மாங்கு மாங்கென்று கணக்குப் போட்டு, எண் பத்து மடங்கு பெரிது என்று கண்டுபிடித்த அந்தப் பெண், தாளைத் தூக்கிக்கொண்டு தானே கீழ்மாடிக்குப் போய்விட்டார். அங்கே அவர்கள் பார்த்து வைத்திருந்ததும் இவர் கணக்கிட்டதும் கச்சிதமாகப் பொருந்தின. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா என்று முடிவு செய்யக் கூட்டம் கூடியது.

“சரியா வந்திருக்கு சார். நீங்களே பாருங்க,” என்றார் ஆய்வாளர்.

“வந்தது இருக்கட்டும்மா,” என்றார் இயக்குநர். “யாரைக் கேட்டுக் கீழ போனீங்க?”

“இருபது படிதானே சார்.”

அவை அதிர்ந்தது. துணை இயக்குநர் தண்ணீர் குடித்தார். ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பின் இரு தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. எண் பத்து மடங்காக 'மறுபரிசீலனை' செய்யப்படுகிறது, செய்தவர் இயக்குநர். கணக்கு தீர்ந்துவிட்டபடியால் ஆய்வாளர் இனித் தேவையில்லை.

வெளியே அவர் என் மேசையருகே நின்றார்.

“அண்ணா, குறிப்புல என் பேரு ஒரு இடத்துலயாவது இருக்கா?”

குறிப்பேட்டை மூடி வைத்தேன். இருக்கிறது என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நான் பொய் சொல்வதில்லை. 'அனுமதியின்றிப் படி இறங்கியவர்' என்ற இடத்தில், அவருடைய முழுப்பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் நானேதான் எழுதியிருந்தேன்.