வசாபி அள்ளி வை

கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் குனிந்தே வெல்டிங் அடித்த இடுப்பு, சுஷிக் கடை நாற்காலியில் சாய்ந்ததும் சுள்ளென்றது. தோகுஜி பல்லைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் பழைய கூட்டாளி ஹமாதா. சங்கு ஊதியதும் அழுக்குச் சட்டைகள் தோளோடு தோள் இடித்து வரிசையாக உட்கார்ந்த அதே பரிமாறும் பலகை எதிரே. அதே மலிவான மதியச் சுஷி: சோற்றுப் பிடி, மேலே மீன் துண்டு, நடுவே மூக்கைத் துளைக்கும் பச்சை வசாபி விழுது. பட்டறையை மூடி எத்தனையோ காலம் ஆயிற்று.

கடைக்காரர் போன மாசம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கத்தி பிடிப்பது மகன் கோஹெய்.

"எனக்கு வசாபி வேணாம் தம்பி," என்றார் ஹமாதா.

"பால்குடி இன்னும் மாறலே பாரு!" தோகுஜி சிரித்தார். அவர் வைத்த அந்தப் பேர்தான் பட்டறை முழுக்க ஹமாதாவுக்கு. "எனக்கு அள்ளி வை. உங்கப்பா வைப்பாரே, அப்படி."

முதல் நாள் மட்டும் எரிந்தது, அப்புறம் பழகிவிட்டது என்பது தோகுஜியின் பெருமை. வேறு சுஷிக் கடைப் படி அவர் மிதித்ததில்லை.

சூரை மீன் துண்டை வாயில் போட்டார். மூக்குக்குள் வெல்டிங் பொறி பறந்தது. கண்ணில் பொலபொலவென்று நீர்.

"என்னய்யா, காரமா?" ஹமாதாவின் முகம் மலர்ந்தது.

ஒப்புக்கொண்டால் பால்குடிப் பட்டம் இவர் தலையில் ஏறிவிடும். சுடச்சுடத் தேநீரை மடக்கென்று ஊற்றிக்கொண்டார். நெருப்பு காதுவரை ஏறியது.

"காரமாவது மண்ணாவது! அவரு ஞாபகம் வந்துருச்சுய்யா."

கோஹெய்யின் கை நின்றது. "அப்பா மேல இவ்வளவு பாசமா ஐயா?" அயிலையை அரிந்து, இரண்டு பங்கு வசாபி அப்பி, எதிரே வைத்தான். "அப்பா கையால குடுத்ததா நெனச்சுச் சாப்பிடுங்க."

எப்படி மறுப்பது? விழுங்கினார். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"இந்த முரடனுக்குள்ள இப்படி ஒரு மனசா!" ஹமாதாவும் மூக்கை உறிஞ்சினார். கோஹெய் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டுக்குச் சோறு பிடித்தான்.

அடுக்களையிலிருந்து வந்த கடைக்காரர் மனைவி சுமியே, தோகுஜியின் சிவந்த மூக்கைப் பார்த்தாள். மகன் கையிலிருந்த பச்சை உருண்டையைப் பார்த்தாள். தேநீர் ஊற்றுகிற சாக்கில் அவர் காதோரம் குனிந்தாள்.

"முதல் நாளே நீங்க தவிச்சதை அவரு பாத்துட்டாரு அண்ணே. அன்னியிலேர்ந்து உங்க துண்டுலயும் வசாபி வச்சதே இல்லே. மகன்கிட்டச் சொல்லாமப் போயிட்டாரு. அவருக்காக நீங்க அழ வேணாம், பால்குடின்னு கேலி பண்ணினதுக்கு ஹமாதா அண்ணன்கிட்டத்தான் நீங்க முப்பது வருஷ மன்னிப்பு கேக்கணும்."