மேலிடத்திலிருந்து மூன்று மீட்டர்

பிப்ரவரி பதினொன்று, திங்கட்கிழமை. காலை வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே நாற்பத்து நான்கு, காற்றில்லை, உறைமூடுபனி. மண்ணின் ஆழம் மண்ணுக்கு வெளியே கண்டுபிடிக்கப்பட்ட பொன்னாள் அதுவே. அப்பெருமை முழுவதும் லேனா ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊரின் நிலவெப்பக் கண்காணிப்பு அலுவலகத்தையே சாரும்.

அங்கே அளவையாளராக இருந்த ஆய்தலினாவுக்கு மட்டும் அப்பெருமை விளங்கவில்லை. மழலையர் பள்ளியின் கான்கிரீட் கால்கள் உறைந்த மண்ணில் ஊன்றப்பட்டவை. மண் உறைந்திருக்கும் வரைதான் பள்ளி நிற்கும். அக்கால்களின் அருகே புதைத்த அளவுக்குழாய் வழியே மூன்று மீட்டர் ஆழத்தில் அவள் அளந்தபோது, பூஜ்யத்திற்கு மேலே அரை டிகிரி இருந்தது. மேலே அறுபத்திரண்டு குழந்தைகள் இருந்தனர்.

"குஸ்மிச், பிள்ளைங்கள வேற எடத்துக்கு மாத்தணும். அடியில மண்ணு கஞ்சியாயிட்டிருக்கு" என்றாள்.

இயக்குநர் குஸ்மிச் ஆழ்ந்து சிந்தித்தார். அவ்வலுவலகத்தில் இதுவரை அளக்கப்படாத ஆழம் அது ஒன்றுதான்.

"எங்கேருந்து அளந்த, தங்கச்சி?"

"தரையிலேருந்து."

"குளிர்காலத்துல தரைய யாரு பாத்தா? எதையுமே மேலிடத்துலேருந்துதான் அளக்கணும். பனிக்கு மேலேருந்து அள."

"அங்க பனியே இல்ல. மண்ணுக்குள்ள குளிர் எறங்கட்டும்னு நான்தான் வாரிப் போட்டேன்."

"அரசாங்கப் பனிய யாரக் கேட்டு வாருன?"

ஒரு மணி நேரக் கூட்டத்திற்குப் பின் "அளவீட்டுச் சீர்திருத்தம்" ஒருமனதாக நிறைவேறியது. டிராக்டர்கள் பனியை அள்ளிவந்து, குழாயைச் சுற்றி இரண்டு மீட்டர் உயரத்துக்குக் குவித்தன. குவியலின் உச்சியிலிருந்து மூன்று மீட்டர் இறங்கினால், மண்ணில் ஒரே மீட்டர். அங்கே பூஜ்யத்திற்குக் கீழே ஆறு டிகிரி. "கட்டடம் உறுதி" என்று சான்றிதழ் பிறந்தது. அதனை வாழ்த்தி அனைவரும் உறைமீன் சீவல் தின்றனர்.

ஆய்தலினா தின்னவில்லை. "பனி போர்வை மாதிரி, குஸ்மிச். மண்ணு இன்னும் சூடாயிரும்."

"போத்தட்டுமே. சின்னப் பிள்ளைங்க இருக்கிற எடம்."

அவள் மட்டும் தினமும் தரையிலிருந்தே அளந்துவந்தாள். அரை டிகிரி ஒன்றானது; ஒன்று இரண்டானது. மார்ச் நான்காம் நாள் முற்பகல் மணி 11.00க்குப் பள்ளியின் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டதைக் கண்டு உள்ளே ஓடினாள்.

"எல்லாரையும் வெளிய கொண்டு போங்க."

"இந்தக் குளிர்லயா?" என்றார் ஆசிரியை. "முப்பதுக்குக் கீழ போனா வெளிய விடக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கே."

"சுற்றறிக்கைய நான் தூக்கிக்கிறேன். நீங்க பொடிசுங்களத் தூக்குங்க."

அறுபத்திரண்டு தலைகளையும் வாசலில் எண்ணி முடித்த சற்று நேரத்தில், வடக்கு மூலை சான்றிதழின் அனுமதியின்றி மண்ணுக்குள் இறங்கியது. கூரை வகுப்பறைக்குள் வந்து அமர்ந்தது.

அலுவலகம் அன்றுபோல் விரைந்து செயல்பட்டதே இல்லை. குழந்தைகளைக் கடுங்குளிரில் நிறுத்திய குற்றத்திற்காக ஆய்தலினா பணிநீக்கம் செய்யப்பட்டாள். குளிர் முப்பத்து நான்கு டிகிரி என்று ஆணையில் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அளந்த இடம், "தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரம்". குஸ்மிச் கையொப்பமிட்டபோது முற்பகல் மணி 11.50.