சர்வர் வைத்த கைலாஷ்

சர்வர்க்காரர் என்றொரு இனம் நம்மிடையே புதிதாகத் தோன்றியிருக்கிறது. தோளில் துண்டும் கையில் சாம்பார் வாளியுமாக வருகிறவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர் வேறு. வீட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து, குடும்பத்தின் போட்டோ, வீடியோ, ஆதார் நகல், தடுப்பூசிச் சீட்டு, மாமனாரின் சஷ்டியப்தபூர்த்தி ஆல்பம் அத்தனையையும் அதற்குள் போட்டுப் பூட்டி, "இனிமே எவனும் நம்மளை எட்டிப் பார்க்க முடியாது" என்று அறிவித்துவிட்டு, அன்று முதல் அந்தப் பெட்டியை எட்டிப் பார்ப்பதே வேலையாக இருப்பவர்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் "சார், போன் நம்பர்?" என்று கேட்டதும் வரிசை அப்படியே நின்றுபோகிறதா? முன்னால் ஒருவர், "ஒரு வேஷ்டி வாங்கறதுக்கு என் நம்பர் எதுக்கும்மா? வேஷ்டி எனக்குப் போன் பண்ணுமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாரா? அவர்தான். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவர் அதை மக்கள் விழிப்புணர்வு என்று எடுத்துக்கொள்வார்.

மலையாள மண்ணில் இருக்கிற எங்கள் வலியசாலைத் தெருவில் இந்த இனத்தின் முதல் ஆள் கைலாஷ். எனக்கு எதிர்வீடு. ஐம்பதை நெருங்குகிற, கண்ணாடி போட்ட, யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர். கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. மனைவி சீதாலக்ஷ்மி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சாயங்காலம் வீட்டிலும் பிள்ளைகள் வந்து படிப்பார்கள். மகள் ஆஷா காலேஜில் படிக்கிறாள்.

எல்லாம் ஒரு மிக்ஸியில் ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் கைலாஷ், மிக்ஸி பழசாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார். மத்தியானம் அவர் போனில் மிக்ஸி விளம்பரம் வந்தது. மனிதர் வெலவெலத்துப் போனார்.

"பார்த்தியா சீதா! நான் சமையலறையில சொன்னது அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ஏன்னா, நேத்து நீங்கதானே போன்ல மிக்ஸி மிக்ஸின்னு தேடிண்டிருந்தேள்?"

இந்தப் பதிலை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்பவர்கள் சர்வர் வைப்பதில்லை.

பெட்டி வந்தது. அரிசி டின்னும் அப்பளக் கட்டும் இருந்த ஸ்டோர் ரூமுக்குக் குடிவந்தது. அதற்குச் சூடு ஆகாது என்று ஹாலில் இருந்த டேபிள் ஃபேன் அங்கே போயிற்று. ஈரம் ஆகாது என்று அதைச் சுற்றி வெள்ளைப் பொட்டலங்கள் வைக்கப்பட்டன. நம்மூர் மழைக்காலத்தில் அந்தப் பொட்டலங்களும் நமுத்துப்போயின. கரண்ட் போனால் வீடு இருட்டாகும், பெட்டி மட்டும் பேட்டரியில் பச்சை விளக்கோடு கூவிக்கொண்டே இருக்கும். மெழுகுவத்தி தேடுகிற மனைவியைப் பார்த்துக் கைலாஷ் பெருமையோடு சொல்வார்: "பயப்படாதே சீதா, சர்வர் ஓடறது."

பிறகு குடும்பத்தையே அதற்குள் குடியேற்றினார். எல்லாருடைய போனிலும் ஏதோ செய்தார். போட்டோ எடுத்தால் அது தானாக ஓடிப்போய்ப் பெட்டிக்குள் விழும். ஆஷா, ஒரு படம் திறக்கிற நேரத்தில் ஒரு பஸ் பிடித்துவிடலாம் என்றாள். சீதாலக்ஷ்மி, எழுதி வைத்திருந்த சாம்பார்பொடிக் கணக்கு எங்கே என்று கேட்டாள். "எல்லாம் பத்திரமா இருக்கு" என்றார் கைலாஷ். பத்திரமாகத்தான் இருந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பெனிக்காரனுக்கு ஒரு தும்மல்கூடத் தெரியக்கூடாது என்கிற இதே மனிதர், கோயில் பிராகாரத்தில் யாரைப் பார்த்தாலும் நிறுத்திக்கொள்வார். "நம்ம ஆஷாவுக்குப் பிசிக்ஸ்ல ஒரு பேப்பர் போயிடுத்து. அந்த மார்க் ஷீட்கூட அவன் கைக்குப் போகலை, கேட்டேளா? நம்ம சர்வர்லயாக்கும் இருக்கு." அவன் கைக்குப் போகவில்லை. பிரதட்சணம் வந்த அத்தனை பேருக்கும் போயிற்று.

பெட்டி வந்து வருஷம் ஒன்றானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார். குழந்தைக்கு ஆண்டு நிறைவு செய்கிற அதே முகம். எர்ணாகுளத்திலிருந்து சீதாலக்ஷ்மியின் தம்பி வெங்கிடேஷ் வந்திருந்தார். பக்கத்துத் தெரு தாணுலிங்கமும் வந்தார். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவர் மகள் சீதாலக்ஷ்மியிடம் பாட்டுப் படிக்கிறாள். நான் பழம்பொரிக்காக, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜிக்காக, வந்திருந்தேன். அதை மறைப்பானேன்? சீதாலக்ஷ்மி உள்ளே அடுப்படியில் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், வீட்டுல சர்வர் வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, ஆளைக் காணமே?" என்றார் தாணுலிங்கம்.

கைலாஷ் அவரை மன்னித்து, ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டினார். தாணுலிங்கம் அரிசி டின்னையும் பச்சை விளக்கையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நல்ல இடம். எலி வராம பாத்துக்கிடணும்" என்றார்.

பிறகு ஹாலில் உட்காரவைத்து, டிவியில் படங்கள் காட்டினார். நடந்தது, பறந்தது, பழனிக்குப் போனது எல்லாம் பார்த்தோம். வெங்கிடேஷ் கொட்டாவியை வாய்க்குள்ளேயே முடித்துக்கொண்டார். கைலாஷ் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"இப்போ ஒரு அதிசயம் கேளுங்கோ! பதிவு பண்ணின பாட்டெல்லாம்கூட இதுக்குள்ள வந்துடும். யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். போன்ல பேசிப் பதிவு பண்ணினா போதும், தானா வந்து சேர்ந்துடும்." அடுப்படி வாசலுக்கே போய், அவள் நிமிர்ந்து பார்த்ததும் சத்தமாகச் சொன்னார்: "சீதா, உன் பாட்டு போடப் போறேன்!"

கடைசியாக வந்து சேர்ந்த பதிவு எதுவோ அதைத் தட்டினார். ஒலிபெருக்கியில் முதலில் நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், மலையாளத்தில்.

"டீச்சரே, இடத்தே செவியிலெ கேள்வி நல்லவண்ணம் குறஞ்ஞிட்டுண்டு. வலத்தேதும் துடங்ஙியிட்டுண்டு. இனி வைகிக்கருது."

டாக்டர் குரல். இடது காது நன்றாகக் குறைந்துவிட்டது, வலதும் தொடங்கிவிட்டது, இனித் தாமதிக்கக் கூடாது என்கிறார். எனக்குப் புரிந்தது, ஆஷாவுக்கும் வெங்கிடேஷுக்கும் புரிந்தது, வாயில் வைத்த பழம்பொரியோடு தாணுலிங்கத்துக்கும் புரிந்தது. புரியாத ஒரே ஆள் கைலாஷ். தன் பெட்டிக்குள்ளிருந்து முன்பின் தெரியாத ஒரு ஆண்பிள்ளை பேசினால் அவர் மூளைக்கு எட்டுகிற காரணம் ஒன்றுதான்.

"ஹேக்! யாரோ உள்ளே புகுந்துட்டான்!"

ஸ்டோர் ரூமுக்குப் பாய்ந்தார். அரிசி டின் உருண்டது. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிக் கையில் செத்த பாம்பைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார். குரல் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? வெளியுலகமே அறுந்துபோனாலும் வீட்டுக்குள் எல்லாம் ஓடும் என்பதல்லவா அந்தப் பெட்டியின் பெருமை? ஒரு வருஷமாக அவரே எங்களுக்குச் சொன்னது. ஓடிற்று. இப்போது வந்தது சீதாலக்ஷ்மியின் குரல்.

"டாக்டர், ஞான் பாட்டு டீச்சராணு. குட்டிகளுடெ சுருதி தெற்றியால் ஞான் எங்ஙனெ அறியும்?" பிள்ளைகளின் சுருதி தப்பினால் தனக்கு எப்படித் தெரியும் என்கிறாள். "வீட்டில் ஆர்க்கும் அறியில்லா. அறியண்டா." வீட்டில் யாருக்கும் தெரியாதாம், தெரியவும் வேண்டாமாம்.

ஆஷா எழுந்து எதையோ அழுத்தி நிறுத்தினாள். கைலாஷ் ஒயரோடு நின்றார்.

அடுப்படியிலிருந்து சீதாலக்ஷ்மி தட்டோடு வந்தாள். சிரித்த முகம். எண்ணெய்ச் சூட்டில் நெற்றியெல்லாம் வேர்வை.

"பாட்டு எப்படி இருந்தது?" என்றாள்.

நாலெட்டு தூரத்தில் ஊரே அதிர ஒலித்த தன் குரல் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

கடைசியில் தாணுலிங்கம்தான், "நல்லா இருந்தது டீச்சர். ரொம்ப நல்லா இருந்தது" என்றார். அந்தப் பொய்க்காக அவருக்கு நான் எதையும் மன்னிப்பேன். ஆனால் சீதாலக்ஷ்மி அவரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். ஆஷாவின் கண்கள் நிறைந்திருந்தன. டிவித் திரையில், நிறுத்திய பதிவின் மேல், அவள் டாக்டரைப் பார்த்த நாளின் தேதி நின்றது. சீதாலக்ஷ்மி தட்டை மேசைமேல் வைத்தாள். உள்ளே போனாள்.

டாக்டர் சொல்வதைப் பாதிதான் கேட்க முடிகிறது என்றுதான் அவள் போனில் பதிவு செய்திருக்கிறாள், வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை சத்தமாக வைத்துக் கேட்க. அவள் அதைக் கேட்பதற்கு முன்பே அது பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்து நடந்ததெல்லாம் கைலாஷே என்னிடம் சொன்னது. மறுநாள் காலை அவர் மனைவியிடம் போய், மன்னிப்புக் கேட்கிற குரலில், விளக்கம் சொன்னார். இந்த இனத்துக்கு இரண்டும் ஒன்று.

"அது ஒரு செட்டிங்ல வந்த தப்பு சீதா. பாட்டு ஃபோல்டரை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கணும். நான் மொத்தத்தையும்..."

"ஏன்னா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாளாம் அவள். "கம்பெனிக்காரனுக்கு என் காது போச்சுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவன்? மெஷின் விளம்பரம் காட்டுவன். அவ்வளவுதானே? நீங்க ஊரைக் கூட்டி, பழம்பொரி குடுத்து, கேக்க வச்சேள்."

"உன் காது விஷயம் எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்ககிட்ட சொல்றதும் கோயில் மைக்குல சொல்றதும் வேறயா?"

அன்றே அவள் தன் போனை வீட்டு வைஃபையிலிருந்து எடுத்துவிட்டாள். படங்களையெல்லாம் பழையபடி அந்த வெளிநாட்டுக் கம்பெனியிடமே கொடுத்துவிட்டாள். ஆஷாவும் பின்னாலேயே கிளம்பினாள். ஸ்டோர் ரூமில் பெட்டி கூவிக்கொண்டிருந்தது. உள்ளே கைலாஷின் படங்கள் மட்டும். அதிலும் பாதி, பெட்டியையே எடுத்த படங்கள்.

அந்த வாரம் பாட்டுக்கு வருகிற பிள்ளைகளில் ஒருத்தி நின்றுபோனாள். காரணம் சொல்லவில்லை. கைலாஷுக்கு அது தெரிந்த அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"யார்கிட்டேர்ந்து இவாளைக் காப்பாத்தணும்னு நெனச்சேன், கேட்டேளா," என்றார், "நான் அந்த லிஸ்ட்லயே இல்லை."

வேடிக்கையாகச் சொல்லவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மனிதர் அதற்கப்புறம் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். காது டாக்டரிடம் மனைவியோடு போனார். வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், அவள் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனார். காதுக்கு மெஷின் பொருத்திய பெண், அதைப் போனில் ஒரு ஆப்போடு இணைக்க வேண்டும் என்றாள். கைலாஷின் வாய் திறந்தது. அந்த ஆப் தகவலையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்ற கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. சீதாலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். கேள்வியை முழுங்கிவிட்டு, "கலர் நன்னாயிருக்கு" என்றார். வேறு கணவன்மார்கள் மலையைத் தூக்கலாம். ஒரு சர்வர்க்காரருக்கு இதற்குமேல் தியாகம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப்போனார். அந்தப் பதிவை அவள் கண்ணெதிரே அழித்தார்.

"நீங்க வேற எங்கேயும் வச்சுக்கலைன்னு நான் எப்படி நம்பறது?"

இந்த மாதிரிக் கேள்வியைத்தான் அவர் உலகத்துக் கம்பெனிகளையெல்லாம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கம்பெனியும் பதில் சொன்னதில்லை. பெட்டியின் பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்து, "நீ இதை மாத்திடு. புதுசு என்னன்னு எனக்குச் சொல்லாதே" என்று வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து, "இது எங்கே அமுக்கணும்?" என்று கேட்டபோது, பாயப்போன காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, ஆஷாவை அனுப்பினார்.

இப்போது அந்த வீட்டில் சர்வருக்குச் சொந்தக்காரி சீதாலக்ஷ்மி. யாருடையது யாருக்குத் தெரியலாம் என்பதெல்லாம் அவள் வைத்த சட்டம். கைலாஷ் தன் பழைய படம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அவளிடம் போய் நிற்க வேண்டும். "எதுக்கு?" என்பாள். அவர் காரணம் சொல்வார். சில நாள் காரணம் போதாமல் திரும்பி வருவார்.

பாட்டு வகுப்பு நடக்கிறது. மெஷின் வைத்த முதல் சாயங்காலம், தாணுலிங்கத்தின் மகளை இரண்டு தடவை நிறுத்திப் பாடச் சொல்லிக் கேட்டாளாம். பிறகு தலையில் கைவைத்து, "ஐயோ குழந்தே, இத்தனை மாசமா இப்படியாடி பாடிண்டிருக்கே!" என்று சிரித்தாளாம். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஸரளி வரிசையிலிருந்து மறுபடி பாடம். "டீச்சருக்குக் காது கேக்காம இருந்தப்போ எம்மவ கீர்த்தனை பாடிக்கிட்டு இருந்தா சார்" என்று தாணுலிங்கம் என்னிடம் முறையிடுகிறார்.

சரி. பாவம் கைலாஷ், நம் வீட்டில் அந்த மாதிரிப் பெட்டி எதுவும் கிடையாது என்று நிம்மதியாகச் சாய்கிறீர்கள். இருங்கள். இன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கிடந்த உங்கள் வீட்டுக்காரியின் போன் 'டிங்' என்றதே, மோர்ச்சோற்றுக் கையோடு கழுத்தை அந்தப் பக்கம் நீட்டி, "யாரு? ஏதாவது அவசரமோ என்னமோ" என்று திரையைப் படித்தீர்களே? சாயங்காலம் அதையே உங்கள் தங்கைக்குப் போனில் சொல்லி, "நான் சொன்னேன்னு காட்டிக்காதே" என்றும் சொன்னீர்களே?

நீங்கள் பெட்டி வாங்கவில்லை, அவ்வளவுதான்.