அருள்மலரை அழைத்துவர நானூறு குதிரைகள்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு போக்குவரத்துத் துறையில் நிகழ்ந்த ஒரே உருப்படியான சம்பவம், 1991ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில், குட்மேய்ஸ் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தில்லையம்பலத்தின் முன்னறையில் ‘எஞ்சின் வலுவூட்டல் ஆலோசனைச் சபை’ அங்குரார்ப்பணம் செய்யப்பட்டதுதான். சரித்திர ஆசிரியர்கள் யாரும் இதைப் பதிவு செய்யவில்லை. அவர்களுக்கு அழைப்பு அனுப்பத் தவறிவிட்டதாகச் சபை பிற்பாடு வருத்தம் தெரிவித்தது.

சபை பிறக்கக் காரணம் அருள்மலர். தில்லையம்பலத்தின் மனைவி தவநாயகிக்கு ஒரே தங்கை. கண்டு ஏழு வருஷம். சண்டைக்குள்ளால் கொழும்புக்கு வந்து, லொட்ஜ் ஒன்றில் மாதக்கணக்காய்க் காத்துக் கிடந்து, கடைசியில் விசா கிடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஹீத்ரோவில் இறங்கப் போகிறாள்.

“அவள் வெளியில வரேக்க நான் வாசல்ல நிக்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்” என்றாள் தவநாயகி.

“நிக்கிறதென்னப்பா? மகாராணி மாதிரிக் கொண்டுவருவம்” என்றார் தில்லையம்பலம். பெற்றோல் ஸ்டேஷனில் காசாளராக இருந்த அவர், அங்கே வந்து போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் அறுபதுகளின் கடைசியில் செய்த அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டு கதவு, எட்டு சிலிண்டர். மூக்கு மட்டும் ஒரு கட்டில் நீளம். அதை நிறுத்த இடம் வேண்டி, சனிக்கிழமைதோறும் அப்டன் பார்க்குக்குப் போய் மீனும் மரக்கறியும் ஏற்றி வந்த சின்னக் காரை விற்றார். சின்னக் கார் செய்த ஒரே குற்றம், மக்கர் பண்ணாமல் ஓடியது. ஓடுகிற காரைப் பற்றி நாலு பேர் கூடிப் பேச என்ன இருக்கிறது?

உண்மையில் அமெரிக்கக் காரும் ஓடத்தான் செய்தது. லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போய்வந்த அன்று பக்கத்து வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. ஆனால் கோயிலடியில் அதை யோகராஜா அண்ணை பார்த்துவிட்டார். அவர் மூன்று சங்கங்களின் தலைவர். மூன்றும் ஒரே சங்கத்திலிருந்து பிரிந்தவை. காரை மெதுவாக வலம்வந்து, பொனற்றில் கைவைத்து, கண்ணை மூடித் திறந்தார்.

“பவர் காணாது, தம்பி. நானூறு குதிரைச் சக்தியாவது வேணும்.”

குட்மேய்ஸில் மேடு என்று சொல்லத்தக்கது தபாற்கந்தோருக்கு முன்னால் உள்ள வேகத்தடை ஒன்றுதான். ஆயினும் தலைவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த ஞாயிறே சபை கூடியது. கொத்துரொட்டிக்குப் பிறகு, சபையின் சட்டவிதிகள் அடங்கிய யாப்பு நிறைவேறியது.

உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிவுக் கடல். முதலில் எழுந்தவர் கணக்காளர் பாலேந்திரா. “டர்போதான் சரி. புகையாய் வீணாப்போறதைப் பிடிச்சுத் திருப்பி உள்ளுக்கு விடுறது. சும்மா வாற பவர்!” என்று சொன்னபோது அவருடைய கண் கலங்கியது. சும்மா வருவது எதைக் கண்டாலும் அவருக்குக் கண் கலங்கும்.

யோகராஜா அண்ணை தலையாட்டி மறுத்தார். “சூப்பர்சார்ஜர் போடவேணும். அது எஞ்சினிட்டயே கொஞ்சப் பவரை வாங்கிச் சுத்தும். பிறகு கூட்டித் திருப்பிக் குடுக்கும்.”

“சங்கத்துச் சந்தா மாதிரியோ அண்ணை? அதை எப்ப திருப்பிக் குடுக்கிறது?” என்றார் பாலேந்திரா. இந்தக் கேள்வி சபைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

மூன்றாமவர் டொக்டர் கோபாலகிருஷ்ணன், திருச்சிக்காரர், ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து நிபுணர். “நைட்ரஸ் ஆக்ஸைடு, சார். ஒரு பாட்டில், ஒரு குழாய். எஞ்சின் பறக்கும். இதே வாயுவைத்தான் நான் தினமும் பேஷண்டுக்குக் கொடுக்கறேன்.”

“அவையும் பறக்கினமோ டொக்டர்?” என்றார் பாலேந்திரா.

“இல்ல, தூங்கிடுவாங்க.”

வீடுகளுக்கு எக்ஸ்டென்ஷன் கட்டிக்கொடுக்கும் முருகேசன் கடைசியாகப் பேசினார். “சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குவம். இடம் காணாட்டி உடைச்சுக் கட்டுறதுதானே முறை?” முருகேசன் உடைத்த சுவர்களை நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இன்றும் தரிசிக்கலாம். கட்டிய சுவர்களைப் பற்றித் தகவல் இல்லை.

‘ஆய்வின் பொருட்டு’, எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டும் காபுரேட்டரைக் கழற்றி, பேப்பர் விரித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். அன்றிலிருந்து கார் அசையவில்லை. புட்டுச் சட்டிக்கும் சம்பலுக்கும் நடுவில் அது கிடந்து பெற்றோல் மணத்தது. தவநாயகி வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். “ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அதைத் திருப்பிக் காரில பூட்டிப்போடுவியள்தானே?” என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள். “ஓமப்பா, முடிவெடுத்தாப் பூட்டுறதுதானே?” என்பார் தில்லையம்பலம்.

அந்த ஞாயிறும் வந்தது. நிலைமையின் பாரதூரம் கருதிச் சபை அவசரமாகக் கூடியது. வந்தவர்கள் தங்கள் கார்களை ஒன்றின் பின் ஒன்றாக வாசலில் அடைத்துவிட்டு, யாருக்கும் இடைஞ்சல் வரக்கூடாது என்ற பெருந்தன்மையோடு சாவிகளை நடையில் இருந்த பித்தளைத் தட்டத்தில் போட்டார்கள். நான்கு யோசனைகள், நான்கு வாக்குகள். தில்லையம்பலம் நடுநிலை வகித்தார்.

“இஞ்சேருங்கோ, பிளேன் இறங்கப்போகுது” என்றாள் தவநாயகி.

“பொறுமப்பா, திரும்ப வாக்கெடுக்கினம்.”

அவள் கணக்காளரிடம் திரும்பினாள். “பாலேந்திரா அண்ணை, உங்கட காரை ஒருக்கால் எடுக்கேலாதோ?”

“எடுக்கலாம் தங்கச்சி. ஆனா எனக்குப் பின்னால டொக்டற்ரை கார்.”

“எனக்குப் பின்னாடி முருகேசன் நிறுத்தியிருக்காரே” என்றார் டொக்டர்.

“தலைவர் எடுத்தால் நான் எடுப்பன்” என்றார் முருகேசன்.

“கூட்டம் நடக்கேக்க தலைவர் எழும்பேலாது. யாப்பில இருக்கு” என்றார் யோகராஜா அண்ணை.

தவநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவிகள் தட்டத்தில் கிடந்தாலும் அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஊர்ந்தது. லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கிச் சுரங்க ரயில் மாறி, பிறகும் ஒருமுறை மாறி, அவள் போய்ச் சேர்ந்தபோது அந்த விமானத்துச் சனம் முழுவதும் போய்விட்டது. ஒரு தூணடியில் சூட்கேசைக் கட்டிப்பிடித்தபடி, லண்டன் குளிருக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு மெல்லிய சுவெற்றரோடு, அருள்மலர் நின்றாள்.

“பிழையான நாட்டில இறங்கிட்டனோ எண்டு பயந்துபோனன், அக்கா.”

இரண்டு பேரும் அழுதார்கள். பார்ப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல், விக்கி விக்கி அழுதார்கள். தவநாயகி தன்னுடைய கோட்டைக் கழற்றித் தங்கைக்குப் போட்டுவிட்டாள். பிறகு சூட்கேசை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேறி இறங்கி, வந்த வழியே ரயிலில் திரும்பினார்கள்.

வீட்டு வாசலைக் கண்டதும் அருள்மலர் நின்றுவிட்டாள். “என்னக்கா, ஆற்றையேன் செத்தவீடோ? இவ்வளவு கார் நிக்குது.”

“இல்லையடி. உன்னைக் கூட்டிக்கொண்டு வாறதுக்குக் கூட்டம் நடக்குது.”

உள்ளே விவாதம் உச்சத்தில் இருந்தது. தவநாயகி போனதையோ வந்ததையோ ஒருவரும் கவனிக்கவில்லை. “தங்கச்சி, தேத்தண்ணி இன்னும் வரேல்ல” என்று தலை நிமிராமலே சொன்ன யோகராஜா அண்ணை, நிமிர்ந்த பிறகு, “இது ஆர் பிள்ளை?” என்றார்.

“நான்தான் அருள்மலர்.”

தலைவர் யாப்பையும் மறந்து எழுந்தார். சபையின் அயராத முயற்சியினால் அருள்மலர் அவர்கள் ஹீத்ரோவிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தமையை முன்னிட்டுப் பாராட்டுத் தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். அது ஏகமனதாக நிறைவேறியது. சபையின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். எல்லோரும் கைதட்டினார்கள். தில்லையம்பலம் மட்டும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைதட்டலைப் பாதியில் நிறுத்தினார்.

“வாசல்ல நிக்கிற கார் ஒண்டும் ஓடாதோ, அண்ணை?” என்று அருள்மலர் மரியாதையாகத்தான் கேட்டாள்.

“ஏன் ஓடாது பிள்ளை? எல்லாம் ஓடும். ஆனா உங்களைக் கூட்டிவாற அளவுக்குப் பவர் காணாது” என்றார் தலைவர்.

தவநாயகி குசினிக்குள் போனாள். சற்று நேரத்தில் பித்தளைத் தட்டத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு வந்து ஆளுக்கொன்றாக நீட்டினாள். தேநீர் இல்லை. ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் அவரவர் கார்ச் சாவி கிடந்தது. தில்லையம்பலத்தின் கோப்பையில் பாவித்து முடிந்த ரயில் டிக்கெட் ஒன்று.

“எழும்புங்கோ. உங்கட உங்கட வீட்டை போறதுக்கு அந்தப் பவர் காணும்.”

அதன் பிறகு நடந்ததைத் தெருவே பார்த்தது. முழுப் பின்னேரமும் ஒன்றையொன்று மறித்துக் கிடந்த நான்கு கார்களும், டர்போ பூட்டாமல், வாயு ஏற்றாமல், ஒரு சிலிண்டரும் கடையாமல், தலைவர் முன்னே செல்ல, தபாற்கந்தோர் மேட்டில் எகிறிக் குதித்து, கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தன.